உயரமான ஒல்லி டயர்: எந்த மண்ணுக்கு, எந்த டிராக்டருக்கு?

டிராக்டர் வாங்கச் செல்லும் விவசாயிகள் குதிரைத்திறன், டீசல் செலவு, தூக்கும் திறன், மானியம் என எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். டயரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. ஆனால், எஞ்சினின் சக்தி மண்ணைச் சென்று சேர்வது டயர் தரையைத் தொடும் அந்தச் சிறு இடத்தில்தான். அங்கே தவறினால் டீசலும் வீண், மண்ணும் வீண்.

பருத்தி, மக்காச்சோளம், கரும்பு ஆகிய பயிர்களில் இடை உழவு, மண் அணைத்தல், மருந்து தெளித்தல் போன்ற வேலைகள் ஆள் பற்றாக்குறையால் டிராக்டருக்கு மாறி வருகின்றன. அதனால், ‘ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் அகலமான டயரைக் கழற்றிவிட்டு உயரமான, ஒல்லியான டயரைப் போடலாமா?’ என்று விவசாயிகள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால், மண்ணின் அடிப்பகுதி, பயிர் வரிசையின் இடைவெளி, முன்–பின் சக்கரங்களின் பொருத்தம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

கட்டை வண்டியின் பாடம்

நம் ஊர் கட்டை வண்டியின் சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும். அகலமோ நான்கு விரல்தான். பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் விழாமல் அதன் மேலேயே உருண்டு ஏறிவிடும். மாட்டுக்கு இழுவைச் சுமை குறையும். குறுகலான சக்கரம் தனக்கு முன்னால் தள்ள வேண்டிய மண்ணின் அளவும் குறைவு. அதே சக்கரம் ஈர மண்ணில் கத்திபோல் இறங்கி ஆழமான தடம் போட்டுவிடும் என்பதும் நமக்குத் தெரியும். உயரமான ஒல்லி டயரின் நன்மையும் தீமையும் இவ்வளவுதான்.

1940-களின் வில்லிஸ் ஜீப் இதே வழியில்தான் சென்றது. அதன் டயர் அளவு 6.00-16. அகலம் 6 அங்குலம்; உயரமோ சுமார் 28 அங்குலம். மேலே சேறும் அடியில் கல்லும் கிடக்கும் பாதையில் அந்த டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டியான அடியைப் பிடித்துக்கொள்ளும். டூ வீல் டிரைவ் டிராக்டர்கள் பலவற்றின் முன் சக்கரத்தில் இன்றும் இருப்பது இதே 6.00-16 அளவுதான்.

எளிய கணக்கு

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 13.6 அங்குலம் (சுமார் 34.5 செ.மீ.), ரிம்மின் விட்டம் 28 அங்குலம் என்று பொருள். 9.5 என்று தொடங்கினால் அகலம் சுமார் 24 செ.மீ.

ஒரு சக்கரத்தின் மேல் 1,000 கிலோ எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் ஒரு சதுர செ.மீ.க்கு 1 கிலோ (சுமார் 14 பி.எஸ்.ஐ.) காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 1,000 சதுர செ.மீ. அளவுக்கு டயர் தரையில் பதிய வேண்டும். 30 செ.மீ. அகல டயர் என்றால் 33 செ.மீ. நீளம் பதிந்தால் போதும். 20 செ.மீ. டயர் என்றால் 50 செ.மீ. நீளம் பதிய வேண்டும். அவ்வளவு நீளம் பதிவதற்குச் சக்கரம் உயரமாக இருந்தாக வேண்டும். ஒல்லியாகவும் குட்டையாகவும் இருக்கும் டயரால் பயனில்லை.

பதியும் இடம் நீளமாக இருந்தால் ஒரே நேரத்தில் அதிகமான பட்டன்கள் வரிசையாக மண்ணைப் பிடிக்கும். இழுவை நன்றாக இருக்கும். ஆனால், ஒல்லி டயருக்குள் காற்றின் கொள்ளளவு குறைவு. அதே எடையைத் தாங்க அதில் கூடுதல் அழுத்தத்தில் காற்று அடிக்க வேண்டியிருக்கும். காற்றழுத்தம் கூடினால் மேல்மண்ணில் விழும் அழுத்தமும் கூடும். எனவே, ‘ஒல்லி டயர் மண்ணை இறுக்காது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கே பொருந்தும்?

வரிசைப் பயிர்: பருத்தி ரகங்களை 75 செ.மீ. வரிசையில் நடுகிறோம். அதில் 34.5 செ.மீ. டயர் சென்றால் இருபுறமும் 20 செ.மீ. மிஞ்சும். மக்காச்சோளத்தின் 60 செ.மீ. வரிசையில் அதே டயருக்கு இருபுறமும் 13 செ.மீ.தான் மிஞ்சும், ஓட்டுநர் கொஞ்சம் அசந்தாலும் பயிர் போய்விடும். 24 செ.மீ. டயராக இருந்தால் 18 செ.மீ. கிடைக்கும். இரு சக்கரங்களின் மையத்துக்கு இடையிலான தூரம் வரிசை இடைவெளியின் மடங்காக இருக்க வேண்டும். 60 செ.மீ. வரிசைக்கு 120 செ.மீ.; 75 செ.மீ. வரிசைக்கு 150 செ.மீ. பெரும்பாலான டிராக்டர்களில் ரிம்மையும் டிஸ்க்கையும் மாற்றி மாட்டி இந்தத் தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். உயரமான சக்கரத்தால் டிராக்டரின் அடிப்பகுதியும் உயரும் என்பதால், வளர்ந்த பயிரின் நுனி ஒடிவதும் குறையும்.

நெல் வயல்: காலங்காலமாகத் தொழி உழவு செய்த வயலில், உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டியான ஒரு அடுக்கு உருவாகியிருக்கும். வயலில் தண்ணீர் கட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம். நாம் உட்கார்ந்து ஓட்டும் நெல் நடவு இயந்திரத்தின் சக்கரத்தைக் கவனியுங்கள். உயரமாக, மிக ஒல்லியாக இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றின் மேல் மிதக்காமல், சேற்றைக் கிழித்து அந்தக் கெட்டியான அடுக்கின் மேல் நடப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

மலைத்தோட்டப் பாதை: சேற்றுக்கு அடியில் சரளையோ கல்லோ உள்ள பாதைக்கும் இந்த டயர் ஏற்றது. ஆனால், வண்டி உயர்ந்து சக்கர இடைவெளி குறுகினால் சரிவில் கவிழும் ஆபத்து கூடும். சரிவான நிலத்தில் சக்கர இடைவெளியை இயன்றவரை அகலமாக வைத்து, மெதுவாக ஓட்ட வேண்டும்.

எங்கே பொருந்தாது?

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரி மணலிலும் கடலோர மணலிலும் ஒல்லி டயர் புதையும். அங்கே அடியில் பிடிப்பு கிடைக்காது. அகலமான டயரும் குறைந்த காற்றழுத்தமும்தான் அங்கே உதவும்.

அடி தெரியாமல் புதையும் நெல் வயல்களிலும் இதே நிலைதான். இறங்கும் முன் வயலில் பத்து இடத்தில் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரே ஆழத்தில் கெட்டியாகத் தடுத்தால் நல்லது. சில இடங்களில் தடுத்து, சில இடங்களில் முழங்கால் ஆழத்துக்குமேல் இறங்கினால், அங்கே ஒல்லி டயரோடு இறங்கக் கூடாது.

அறுவடை முடிந்த ஈர வயலில் நிறைபாரம் ஏற்றிய டிரெய்லரை இழுப்பதற்கும் இந்த டயர் வேண்டாம். மேல்மண் இறுகுவது பெரும்பாலும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தில் மண் இறுகுவதோ அச்சின் மேல் விழும் மொத்த எடையைப் பொறுத்தது. அந்த ஆழத்து இறுக்கத்தை எந்த டயராலும் தடுக்க முடியாது. பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

பின் டயரை மட்டும் மாற்றினால்?

கரிசல் பகுதியில் பருத்தி பயிரிடும் விவசாயி ஒருவர், ஃபோர் வீல் டிரைவ் டிராக்டருக்குப் பின் டயரை மட்டும் உயரமான ஒல்லி டயராக மாற்றினார். முன் டயர் பழையதே. இரண்டே பருவத்தில் முன் டயரின் பட்டன்கள் தேய்ந்தன. முன் அச்சிலிருந்து சத்தம் வந்தது. கடைசியில் பல்சக்கரங்களை மாற்ற வேண்டியதாயிற்று. டயரில் செய்த சிக்கனம் பட்டறையில் போனது.

ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் பல்சக்கரங்களால் நிரந்தரமான ஒரு விகிதத்தில் இணைந்திருக்கின்றன. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக, 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக, மண்ணை இழுக்கும்படி அளவு வைத்திருப்பார்கள். பின் டயர் மட்டும் உயர்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். முன் சக்கரம் இழுப்பதற்குப் பதில் பிரேக் போட்டதுபோல் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். முன், பின் சக்கரங்களில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கெட்டியான சமதரையில் ஃபோர் வீல் டிரைவை விடுவித்து, பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பிறகு இளகிய மண்ணில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு மறுபடி எண்ணுங்கள். முதலில் 12.9, அடுத்து 13.3 என்று வந்தால் முன் சக்கரத்தின் கூடுதல் 3 சதவீதம், சரியான அளவு. இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைவாக வந்தால் அந்த டயர் ஜோடி பொருந்தவில்லை. டயரை மாற்றினால் நான்கையும் பொருத்தம் பார்த்தே மாற்ற வேண்டும். ரிம்மின் அகலம், டயர் தாங்கும் எடை ஆகியவற்றை டிராக்டர் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் ஓட்டும்போது ஃபோர் வீல் டிரைவைக் கட்டாயம் விடுவித்துவிடுங்கள்.

மண்ணைக் காக்கச் சில வழிகள்

* இடை உழவுக்கு இறங்கும் முன் உழவு ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். கயிறாகத் திரிந்தால் அன்று இறங்க வேண்டாம். உதிர்ந்தால் இறங்கலாம்.

* மண் இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே ஏற்பட்டுவிடும். எனவே, அந்தப் பருவம் முழுவதும் ஒரே தடத்தில் ஓட்டுங்கள். நான்கு வரிசை கெடுவதற்குப் பதில் ஒரு தடம் மட்டும் இறுகட்டும்.

* காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். பாரம் இழுக்க அடித்த காற்றோடு வயலில் இறங்காதீர்கள்.

* மானாவாரி, தோட்டக்கால் நிலத்தில் அடிமண் இறுகியிருந்தால் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுது, எக்டேருக்கு 12.5 டன் தொழுஉரம் அல்லது மக்கிய தென்னை நார்க்கழிவு இடலாம். டிராக்டரையும் கருவிகளையும் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குப் பெறலாம்.

ஆண்டு முழுவதும் உழவும் பாரமும் மட்டுமே வேலை என்றால் இப்போதுள்ள டயரே போதும். வரிசைப் பயிரில் இடை உழவும் தெளிப்பும்தான் முக்கிய வேலை என்றால், ரிம்மோடு சேர்ந்த ஒரு ஜோடி ஒல்லி டயர்களை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வாங்கி வைத்துப் பருவத்துக்கு ஏற்ப மாற்றலாம். பக்கத்துத் தோட்டத்தாரிடமும் அதே மாடல் டிராக்டர் இருந்தால், இருவரும் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். எதைச் செய்வதானாலும், டயர் கடைக்குப் போகும் முன் கம்பியோடும் அளவு நாடாவோடும் ஒருமுறை உங்கள் வயலில் இறங்கி அளந்துவிடுங்கள்.