சுங்கச்சாவடியில் வில்லை படிக்கப்படாவிட்டால்...

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மிளகும் வாழையும் ஏற்றி இறங்கும் வண்டி, நாமக்கல்லைத் தாண்டிக் கரூர் நோக்கிச் செல்கையில் இராசாம்பாளையம் சுங்கச்சாவடியில் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே 'பாஸ்டேக்' வில்லை படிக்கப்படாவிடில், பின்னால் எழும் ஒலிப்பான்களின் இரைச்சலில் கலங்கி, கேட்ட தொகையைக் கொடுத்துச் செல்வோர் உண்டு. அவ்வாறு கொடுத்தே ஆகவேண்டுமா?

இவ்வில்லையில் மின்கலம் கிடையாது. சாவடியிலுள்ள கருவி அனுப்பும் வானொலி அலையால் உயிர்பெற்று, அது தன் எண்ணைத் தெரிவிக்கிறது. அவ்வெண்ணுக்குரிய கணக்கிலிருந்து கட்டணம் கழிக்கப்படுகிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லாத் தடங்களும் இம்முறைக்கு மாற்றப்பட்டன.

தடங்கல் இரு வகைப்படும். முதல் வகை நம்மைச் சார்ந்தது. கணக்கில் இருப்பு இன்மை, வாடிக்கையாளர் விவரங்களை வங்கிக்குப் புதுப்பித்துத் தராமை, கிழிந்த வில்லை, கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டுதல் ஆகியன இதில் அடங்கும். முன்கண்ணாடியை மாற்றினால் வில்லையையும் மாற்றவேண்டும். உரித்தெடுத்த வில்லை மறுபடி உதவாது. செல்லத்தக்க வில்லை இல்லாதோர் ரொக்கமாயின் இரு மடங்கும், யு.பி.ஐ. வழியாயின் ஒன்றேகால் மடங்கும் செலுத்தவேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

இரண்டாம் வகை சாவடிக் கருவியின் பழுது. இதற்கு நாம் பொறுப்பல்லோம். வில்லை செல்லத்தக்கதாயிருந்து, போதிய இருப்பும் இருக்கையில், சாவடியின் கருவி இயங்காமையால் கட்டணம் கழியவில்லையெனில், வண்டியைக் கட்டணமின்றி அனுப்பி, 'பூச்சியத் தொகை' இரசீதும் வழங்கவேண்டும் என்று 2018 மே மாதத்து மத்திய அரசின் அறிவிக்கை கூறுகிறது.

ஆகவே பதற்றம் வேண்டா. முதலில், கையடக்கக் கருவியால் மீண்டும் படிக்குமாறு பணிவுடன் கேளுங்கள். கைப்பேசியில் இருப்பைக் காட்டுங்கள். பழுது அவர்களுடையதெனில் பூச்சிய இரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் 1033 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். ரொக்கமும் கொடுத்துக் கணக்கிலும் பணம் கழிந்திருந்தால், இரசீதுடன் வில்லை வழங்கிய வங்கிக்கு எழுதுங்கள்.

சாவடிக்கு வந்தபின் பணம் செலுத்தினால், அது கணக்கில் ஏறச் சிறிது நேரமாகலாம். மலையில் கைப்பேசித் தொடர்பும் எங்கும் சீராகக் கிடைப்பதில்லை. எனவே பயணத்திற்கு முந்திய நாளே இருப்பைப் பார்த்துவிடுவது நலம். வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் இவ்விதியைச் சொல்லி வையுங்கள். உழைத்து ஈட்டிய பணம் அறியாமையால் கைவிட்டுப் போகலாகாது.