குடிவழியும் தசைநோயும்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களிலே, முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் குடி தாய்வழியே எண்ணப்படுகின்றது. வீடும் சீதனமாக மகளுக்கே எழுதப்படுகின்றது. இவ்வமைப்பினைச் சொத்துறவு கொண்டு விளக்குதல் நமக்குப் பழக்கமானதே. ஆயின் தாய்வழியே செல்லும் பிறிதொன்றும் உண்டு. அது டுஷென் தசைநலிவு நோய். இந்நோயுற்ற ஆண்பிள்ளை மூன்று முதல் ஐந்து வயதினுள் அடிக்கடி விழத் தொடங்குவான். பன்னிரண்டு வயதளவில் நடையிழப்பான். தாயின் குடியிலே பழி தேடுவதற்கு இதனிலும் வாய்ப்பான நோய் வேறில்லை.

இப்பழிக்கு விஞ்ஞானம் எவ்வளவு இடமளிக்கின்றது? டிஸ்ற்றோபின் என்னும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. அது பழுதுற்றாலே நோய் தோன்றும். ஆனால், அப்பழுது எப்போதும் தாயிடமிருந்து வருவதன்று. பொதுவுடைமையாளரான ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1935இல் இரத்தம் உறையாநோய் பற்றிச் செய்த கணிப்பு இங்கும் பொருந்தும்: இத்தகைய நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொருவரிடத்துப் பழுது புதிதாகத் தோன்றியதே. அத்தாயரிடம் அது இல்லை.

பழுதைத் தாங்கிய சகோதரியர் இருவருள் ஒருத்திக்குத் தசை தளர, மற்றவள் நலமாயிருத்தல் ஏன்? பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று கருநிலையிலேயே வாயடைக்கப்படுகின்றது என 1961இல் மேரி லயன் எடுத்துரைத்தார். எழுத்து மாறுவதில்லை, அதன்மீது இடப்படும் மெதைல் முதலிய குறிகளே அதனை மௌனமாக்குகின்றன. இத்தகைய மாற்றங்களைக் கற்பதே எப்பிஜெனற்றிக்ஸ். நலமான நிறமூர்த்தம் மிகுதியான கலங்களில் அடைபடின் பெண்ணும் நோயுறுவாள். தசைநார் பல கருக்களைக் கொண்டமையால், ஒரு கருவின் குறையை அயற்கரு பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றது.

நோயுற்ற பிள்ளையின் வன்கூட்டுத் தசையிலோ கதை வேறு. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டுள்ளது. அசெற்றைல் கூட்டங்கள் அச்சுற்றினைத் தளர்த்தும். சில நொதியங்கள் அவற்றை அகற்றி இறுக்கும். டிஸ்ற்றோபின் இல்லாதவிடத்து நைத்திரிக் ஒட்சைட்டின் கட்டுப்பாடு குறைவதால், இவ்விறுக்கும் நொதியங்கள் வரம்பு மீறுகின்றன. தசையைப் பழுதுபார்க்கும் பரம்பரையலகுகள் அடைபட, தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரிழையமும் பற்றிக்கொள்கின்றன. முதற்பழுதின்மேல் ஏறிய இரண்டாம் பழுது இது. இந்நொதியங்களைத் தடுக்கும் ஜிவினோஸ்ற்றாற் என்ற மருந்து 2024 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்காவில் ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கு அனுமதிக்கப்பட்டது. அது நோயின் வேகத்தைத் தணிக்கும், நோயைப் போக்காது. அதன் விலையோ, மீனவர், வேளாண்மைக்காரர் குடும்பங்கள் எண்ணிப்பார்க்கவும் கூடாதது.

குறிகள் மாறக்கூடியன என்பதைக் கொண்டு, மரபினைச் சூழல் வேண்டியவாறு வளைக்குமென்ற லைசென்கோவுக்குப் புத்துயிரூட்ட விழைவார் நம் அணியிலும் உளர். அது பிழையான வாசிப்பு. குறிகளைத் தளர்த்துவதால் இல்லாத டிஸ்ற்றோபின் உண்டாவதில்லை.

நடைமுறையில் முதன்மையானது வேறொன்று. பழுதைத் தாங்கிய தாயின் கைகால்கள் வலுவுடையனவாயினும் இதயத் தசை நலிவுறக்கூடும். ஆகையால் அவளுக்குக் காலந்தோறும் இதயப் பரிசோதனை வேண்டும். மகனைத் தூக்கிச் சுமந்து வைத்தியசாலை செல்பவள், அங்குத் தன் பெயரில் ஒரு துண்டும் எழுதுவித்தல் வேண்டும்.