கழுத்தில் இரண்டு அட்டைகள்

காலை ஏழரை மணி. இரவு வேலை செய்தவர்கள் ஹேண்ட்ஓவர் சொல்லி முடிக்கிறார்கள். பொறுப்புத் தாதி ஆட்களைப் பிரித்துவிடுகிறார். ஓரமாக நிற்கும் பெண்ணின் கழுத்துப் பட்டியில் இரண்டு அட்டைகள் தொங்குகின்றன: ஒன்று மருத்துவமனையின் ஊழியர் அட்டை, மற்றது பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை. "இன்றைக்கு எச்சிஏ ஒருவர் வரவில்லை. ஜன்னல் பக்கத்து ஆறு கட்டிலையும் நீங்கள் பாருங்கள்" என்கிறார் பொறுப்புத் தாதி. அன்று அவளுக்குப் பயிற்சி நாள். காலை மருந்துச் சுற்றில் மேற்பார்வையாளரின் பக்கத்தில் நின்று பழக வேண்டியவள். ஒன்றும் பேசாமல் கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேற்பார்வை செய்ய வேண்டியவள் நான். நான் வாய் திறந்தபோது மருந்துச் சுற்று பாதி முடிந்திருந்தது. அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது. இங்கிலாந்தில் நம் பெண்கள் பலர் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பராமரிப்பு உதவியாளர்களாக (எச்சிஏ) வேலை செய்கிறார்கள். சம்பளத்தோடு படித்துத் தாதியாக வர வழி இருப்பது பலருக்குத் தெரிகிறது. அந்த வழியில் போகும்போது தங்களுக்கு என்ன உரிமை, எங்கே வழுக்கும், வழுக்கினால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதுதான் தெரிவதில்லை.

அந்த வழி, அதாவது தாதிப் பட்டத்துக்கான அப்ரென்டிஸ்ஷிப், இங்கிலாந்தில் 2017இல் தொடங்கியது. தாதி மாணவர்களுக்கு அரசு கொடுத்துவந்த உதவித்தொகை புதிய மாணவர்களுக்கு நின்றதும், அவர்கள் கடன் எடுத்துப் படிக்கவேண்டி வந்ததும் அதே ஆண்டில்தான். 2025-26இல் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண் வரை. மூன்று வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள். அப்ரென்டிஸ்ஷிப்பில் அந்தக் கட்டணம் உங்கள் தலையில் விழாது. சம்பளப் பட்டியல் வருடத்துக்கு 30 இலட்சம் பவுணுக்கு மேல் போகும் முதலாளிகளிடமிருந்து அரசு ஒரு வரி எடுக்கிறது. பெரிய மருத்துவமனைகள் தாங்கள் கட்டிய அந்தப் பணத்திலிருந்தே படிப்புச் செலவைக் கொடுக்கின்றன. நீங்கள் வேலையாளாக இருந்தபடியே, பொதுவாக நாலு வருடத்தில், மற்ற மாணவர்கள் வாங்கும் அதே பட்டத்தை வாங்குகிறீர்கள். முடிவில் தாதியர் மருத்துவிச்சியர் மன்றமான என்எம்சியின் பதிவேட்டில் அதே இடத்தில் உங்கள் பெயரும் ஏறும். பின்கதவால் வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடுகள் வேறு. நான் எழுதுவது இங்கிலாந்துக்கு.

இந்த வழிக்குப் பல்கலைக்கழகத்தில் நேரே விண்ணப்பித்து இடம் பிடிக்க முடியாது. முதலில் உங்களை அனுப்ப ஒரு முதலாளி வேண்டும். என்எச்எஸ் வேலைத் தளத்திலும், அரசின் அப்ரென்டிஸ்ஷிப் தேடும் தளத்திலும் விளம்பரம் வரும். பல இடங்களில் ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் முதலில் திறக்கிறார்கள். ஆகவே "காசு கட்டினால் இடம் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் முகவரைக் கண்டால் விலகிப் போங்கள். வேலை தேடிக் கொடுப்பதற்கு வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அடுத்த ஏமாற்று, தாதி என்ற சொல்லைத் தலைப்பில் போட்டு விற்கும் டிப்ளோமாக்கள். என்எம்சி அங்கீகரித்த பாடநெறிகள் அதன் இணையத்தளத்தில் இருக்கின்றன. அங்கே இல்லாத படிப்பை எத்தனை வருடம் படித்தாலும் பதிவேட்டில் பெயர் ஏறாது.

இன்னொரு குழப்பம் ஏமாற்று அல்ல, ஆனாலும் ஆட்களைத் திசைமாற்றிவிடுகிறது. நர்சிங் அசோசியேட் என்று ஒரு பதவி இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. 2019 தொடக்கத்திலிருந்து அவர்களையும் என்எம்சிதான் பதிவுசெய்கிறது. அது நல்ல வேலை. அதிலிருந்து மேலே படித்துத் தாதியாகவும் வரலாம், முன்பு படித்ததைக் கணக்கில் எடுப்பதால் காலமும் குறையும். ஆனால் அசோசியேட் தாதி அல்ல. என்எச்எஸ் சம்பளப் படியில் அவர் நாலு, தாதி ஐந்து. மேற்படிப்பும் தானாக வந்து சேராது, அதற்கும் முதலாளி சம்மதிக்க வேண்டும். முன்பும் இப்படி நடந்தது: 1960களிலும் 70களிலும் மொரீஷியஸ், மலேசியா, கரீபியன் தீவுகளிலிருந்து தாதிப் படிப்புக்கென்று இங்கே வந்த பெண்களில் எத்தனையோ பேர் இரண்டு வருட எஸ்இஎன் (ஸ்டேட் என்ரோல்ட் நர்ஸ்) பயிற்சியில் சேர்க்கப்பட்டார்கள். அது பல நாடுகளில் செல்லாத தகுதி என்றும், வார்டு சிஸ்டராக உயர விடாத தகுதி என்றும் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தலைமுறையின் வயிற்றெரிச்சலை நேரில் கேட்டவள் நான். அதனால்தான் சொல்கிறேன்: முடிவில் கையில் என்ன பெயர் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு சேருங்கள்.

யாருக்கு இது கிடைக்கும்? அரசுப் பணத்தில் படிக்கப் பொதுவாக இந்த நாட்டில் முந்திய மூன்று வருடம் அனுமதியோடு வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்தோ மனிதாபிமானப் பாதுகாப்போ கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடக் கணக்கு இல்லை. இது தெரியாமல் நம்மவர்களில் பலர் வீணாகக் காத்திருக்கிறார்கள். மாணவர் வீசாவில் இருப்பவருக்கு வாய்ப்பில்லை. கால எல்லை உள்ள வீசாவில் இருப்பவர், அந்தக் காலத்துக்குள் படிப்பை முடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முதலாளியின் ஸ்பொன்சரில் இருப்பவர் வேலையின் தன்மை மாறுவதற்கு முன் கட்டாயம் ஆலோசனை எடுக்க வேண்டும். அந்த ஆலோசனையைப் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடமோ சட்டத்தரணியிடமோ எடுங்கள். பதிவில்லாதவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பதே இங்கே குற்றம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கையெழுத்துக்குக் கடதாசிகள் வரும். வேலை ஒப்பந்தத்தோடு தொழிற்பயிலுநர் (அப்ரென்டிஸ்) ஒப்பந்தம் ஒன்று, முதலாளியும் பல்கலைக்கழகமும் நீங்களும் மூவரும் ஒப்பமிடும் பயிற்சித் திட்டம் ஒன்று. அதற்கு நடுவில் சில இடங்களில் இன்னொரு கடதாசியும் நழுவி வரும். என் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பிள்ளை அதை விரித்து வைத்தாள். "அக்கா, எல்லாரும் சைன் வைச்சிட்டினம். நானும் வைக்கட்டோ?" என்று கேட்டாள். நாலாம் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: படிப்பை இடையில் விட்டாலோ, முடித்து இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டாலோ பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.

அரசின் நிதி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அப்ரென்டிஸ்ஷிப்பின் பயிற்சிச் செலவையோ மதிப்பீட்டுச் செலவையோ பயிலுநரிடம் கேட்கக்கூடாது. படித்து முடித்தாலும் சரி, பாதியில் போனாலும் சரி, கேட்கக்கூடாது. "இந்த வரி நிதி விதிகளுக்கு ஒத்து வருமா என்று மின்னஞ்சலில் மரியாதையாகக் கேள் பிள்ளை, யூனியனுக்கும் ஒரு பிரதி போடு" என்றேன். இரண்டு கிழமையில் அந்தப் பக்கம் இல்லாத புதுக் கடதாசி வந்தது. கேள்வி கேட்டதற்காக அவளை யாரும் ஒதுக்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படி மென்மையாக முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து வைத்த பிறகு வாதாடுவதைவிட வைக்கும் முன் கேட்பது எப்போதும் சுலபம்.

சம்பளத்தில் கவனம் வேண்டும். அப்ரென்டிஸ்களுக்கென்று சட்டம் வைத்திருக்கும் குறைந்த கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண், 21 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்றவர்களுக்கு 12.21. இந்தத் தொகைகள் ஏப்ரல்தோறும் மாறும். அந்தக் குறைந்த வீதம் 19 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும், அதற்கு மேல் என்றால் முதல் வருடத்துக்கும் மட்டும்தான். இரண்டாம் வருடம் தொடங்கியதும் உங்கள் வயதுக்கான முழுக் கூலி வரவேண்டும். என்எச்எஸ் மருத்துவமனைகள் பொதுவாக அந்தக் குறைந்த வீதத்தைவிடக் கூடக் கொடுக்கின்றன. தனியார் பராமரிப்பு இல்லம் அனுப்பும் பயிலுநர்தான் பேஸ்லிப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு. "இன்று நீ வேலைக்கு வரவில்லையே" என்று பிடிக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் அப்ரென்டிஸ் முழு ஊழியர்: வருடத்துக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை, 52 வாரம் வரை மகப்பேற்று விடுப்பு, 2010 சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் உண்டு. கர்ப்பம் என்றதும் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. படிப்பை இடைநிறுத்தித் திரும்பவும் தொடர முறை இருக்கிறது.

இப்போது அந்த ஏழரை மணிக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகமான கண்ணீர் அங்கேதான். தாதிப் பட்டத்துக்கு என்எம்சி கேட்பது 4,600 மணி நேரம். பாதி படிப்பு, பாதி, அதாவது 2,300 மணி, செய்முறைப் பயிற்சி. வாரம் 37.5 மணி என்று பார்த்தால் 61 வாரத்துக்கும் மேல். அந்தப் பயிற்சி மணிகளில் மாணவரை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என்எம்சியின் விதி. கடன் எடுத்துப் படிக்கும் மாணவிக்கும் அப்ரென்டிஸுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அப்ரென்டிஸ் அதே மருத்துவமனையில் ஐந்து வருடம் எச்சிஏயாக வேலை செய்தவள். அவளுக்கு எல்லாக் கட்டிலும் தெரியும். ஆள் குறைந்தால் முதலில் கண்ணில் படுவது அவள்தான். நேற்று எச்சிஏ உடுப்பில் ஓடியவள் இன்று மாணவி உடுப்பில் நிற்கிறாள் என்பதைச் சகபாடிகளின் மனம் ஏற்கவும் கொஞ்சக் காலம் எடுக்கிறது.

நோயாளியைக் கழுவித் துடைப்பதும் தாதிமைதான். அதிலும் தோலைப் பார்க்கலாம், மூச்சைக் கவனிக்கலாம், பேச்சுக் கொடுக்கலாம். திடீரென்று ஒருவர் மயங்கி விழுந்தால் "நான் மாணவி" என்று யாரும் விலகி நிற்கப்போவதில்லை. ஆனால் ஒரே மாதத்தில் நாலாம் ஐந்தாம் முறையும் இப்படியே என்றால், மருந்துச் சுற்றும் சிறுநீர்க் குழாய் போடுவதும் வீட்டுக்கு அனுப்பும் திட்டம் எழுதுவதும் பழகாமலே நீங்கள் மதிப்பீட்டாளர் முன் நிற்பீர்கள். தகுதி எட்டவில்லை என்று எழுதப்படுவது உங்கள் பெயருக்கு எதிரேதான். ஆள் குறைந்த வார்டின் பெயருக்கு எதிரே அல்ல.

அன்றைக்கே, அங்கேயே, அமைதியாகச் சொல்லுங்கள்: "ரோட்டாவில் எனக்கு இன்று பயிற்சி நாள் என்று இருக்கிறது. ஆள் வேண்டுமென்றால் மேட்ரனிடம் கேட்க முடியுமா?" வீட்டுக்கு வந்ததும் திகதி, மணி, யார் சொன்னது, எந்தப் பயிற்சி தவறியது என்று நாலு வரி எழுதிவையுங்கள். நோயாளியின் பெயரோ விவரமோ அதில் வரக்கூடாது. மீண்டும் நடந்தால் வார்டு மேற்பார்வையாளர், பிறகு மருத்துவமனையின் பயிற்சிப் பொறுப்பாளர், கூடவே பல்கலைக்கழகத்தில் உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர். "அதை முதலாளியிடம் கேள்" என்று பல்கலைக்கழகமும், "அதைப் பல்கலைக்கழகத்திடம் கேள்" என்று முதலாளியும் பந்தை உதைக்கத் தொடங்கினால், இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பி, மூவர் ஒப்பமிட்ட அந்தப் பயிற்சித் திட்டத்தை இணையுங்கள். இருவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

கழுத்தில் இரண்டு அட்டை இருப்பதால் முறையீட்டுக்கும் இரண்டு பாதை உண்டு. சம்பளம், விடுமுறை, பணிநீக்கம், பாகுபாடு எல்லாம் ஊழியர் அட்டையின் பக்கம். அதற்கு யூனியன், பிறகு வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பு. ஏகாஸ் தொலைபேசி 0300 123 1100; ஆலோசனை இலவசம். வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான கெடு நீண்ட காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. சட்டம் மாறிவருகிறது, ஆனாலும் அந்தப் பழைய கெடுவையே மனதில் வைத்து ஓடுங்கள். பாடம், மதிப்பீட்டு நடைமுறை, இடைநிறுத்தம் எல்லாம் மாணவர் அட்டையின் பக்கம். பல்கலைக்கழகத்தின் உள் முறையீடு முடிந்ததும் அது முடிந்ததென்று ஒரு கடிதம் தருவார்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயாதீன அமைப்பிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. ஆசிரியர் போட்ட புள்ளி சரியா என்பதை ஓஐஏ பார்க்காது. நடைமுறை நியாயமாக நடந்ததா என்பதைப் பார்க்கும். நோயாளியின் பாதுகாப்பே ஆபத்தில் என்றால் எந்த அட்டையும் பார்க்க வேண்டாம்: மருத்துவமனையில் தயங்காமல் பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்ட கார்டியன் இருப்பார், அவரிடம் நேரே போகலாம். பயிலுநருக்கும் அந்த உரிமை உண்டு.

பிரச்சினை வந்த பிறகு யூனியனில் சேர நினைக்காதீர்கள். சேரும் முன்பே தொடங்கிய சிக்கலுக்கு அவர்கள் துணைவருவது கடினம். ஆர்சிஎன், யூனிசன் இரண்டும் அப்ரென்டிஸ்களைச் சேர்க்கின்றன. முதல் மாதமே சேருங்கள்.

கடைசியாக, பதினைந்து வருடம் எச்சிஏயாக இருந்துவிட்டு "இனி எனக்கென்ன படிப்பு" என்று நிற்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. இதற்கு மேல்வயது எல்லை இல்லை. பெரும்பாலும் தடுப்பது ஆங்கிலமும் கணக்கும்தான்: பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஜிசிஎஸ்ஈ நாலாம் தரத்தையோ அதற்குச் சமமான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் இரண்டாம் மட்டத்தையோ கேட்கின்றன. அந்தத் தகுதி இல்லாத வளர்ந்தவர்களுக்கு ஊர்க் கல்லூரிகளில் இலவச வகுப்பு இருக்கிறது. ஊரில் எடுத்த ஏ.எல். சான்றிதழ் இருந்தால் யூகே எனிக்கில் அதன் சமநிலையைக் கேட்டுப் பாருங்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் 46 வயதில் மகனுடைய பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் பின்னமும் சதவீதமும் போட்டுப் பழகினார். மருந்தளவுக் கணக்கு முழுக்க அதுதானே. வகுப்புகளில் பல செப்டம்பரில் தொடங்கும், இடங்கள் கோடையிலேயே நிரம்பத் தொடங்கிவிடும்.