டபுள் நெகட்டிவ் (இசைத்தொகுப்பு)

டபுள் நெகட்டிவ் என்பது அமெரிக்க இண்டி ராக் இசைக்குழுவான லோ வெளியிட்ட பன்னிரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். 11 பாடல்கள் கொண்ட இதனை சப் பாப் நிறுவனம் 2018 செப்டம்பர் 14 அன்று வெளியிட்டது. மென்மையான, தெளிவான இசைக்குப் பெயர்பெற்ற ஒரு குழு, தொடங்கி 25 ஆண்டுகள் ஆன நிலையில், தன் ஒலியைத் தானே சிதைத்து உருவாக்கிய படைப்பு இது. "வராமல் இல்லை" என்பதில் இருப்பதைப் போன்ற இரட்டை எதிர்மறையையே இதன் தலைப்பு குறிக்கிறது.

பின்னணி

மினசோட்டா மாநிலத்தின் துலூத் நகரில் 1993-ஆம் ஆண்டு லோ குழு உருவானது. கணவன் மனைவியான ஆலன் ஸ்பார்ஹாக் (கிட்டார், குரல்), மிமி பார்க்கர் (டிரம்ஸ், குரல்) ஆகிய இருவரே கடைசி வரை அதன் மையமாக இருந்தனர். கிரஞ்ச் இசையின் இரைச்சல் ஓங்கியிருந்த அக்காலத்தில், இவர்கள் மிக மெதுவாகவும் தாழ்ந்த ஒலியிலும் இசைத்தனர். இப்பாணி ஸ்லோகோர் எனப்பட்டது. பார்க்கர் பெரிய டிரம்ஸ் தொகுதியைத் தவிர்த்து, மிகச் சில கருவிகளை மட்டும் நின்றபடியே வாசித்தார். இருவரின் குரல்களும் இணைந்து ஒலிப்பது குழுவின் அடையாளமாயிற்று.

உருவாக்கம்

விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகருக்கு அருகில், இசைக்கலைஞர் ஜஸ்டின் வெர்னனுக்குச் சொந்தமான ஏப்ரல் பேஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் இத்தொகுப்பு பதிவானது. தயாரிப்பாளர் பி. ஜே. பர்ட்டன். இவர் லோவின் முந்தைய தொகுப்பான ஒன்ஸ் அண்ட் சிக்ஸஸ் (2015) பணியிலும் பங்கேற்றவர். ஸ்டீவ் காரிங்டன் பேஸ் கிட்டார் வாசித்தார். இம்முறை குழுவினர் பாடல்களை வீட்டிலேயே முழுமையாக்கவில்லை. அரைகுறை வடிவங்களுடன் கூடத்துக்கு வந்து, அங்கேயே அவற்றை வளர்த்தெடுத்தனர்.

இசை

ஒலிக் குறிகை கருவியின் தாங்கும் அளவை மீறும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பொதுவாக ஒலிப்பதிவாளர்கள் இதனைத் தவிர்ப்பர். இங்கோ அதுவே கட்டுமானப் பொருள். முதல் பாடலான "குவோரம்" மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும் இரைச்சலுடன் தொடங்குகிறது. சரியாக நிலையம் பிடிக்காத வானொலியில் கேட்பதுபோல் குரல் அதற்குள் மங்கி ஒலிக்கிறது. மூன்றாவது பாடலான "ஃபிளை"யில் பார்க்கரின் குரல் அந்த மூட்டத்தைக் கடந்து மேலெழுகிறது. இறுதிப் பாடலான "டிசாரே"யிலும் துண்டுபட்ட இரைச்சலின் மேல் குரல்கள் இணைந்தே நிற்கின்றன. மற்ற அனைத்தும் சிதைந்தாலும் குரல்களின் இணைவு குலையாமல் இருப்பதே இத்தொகுப்பின் உணர்வு வலிமைக்குக் காரணம்.

வரவேற்பும் தொடர்ச்சியும்

இத்தொகுப்பு விமர்சகர்களின் பெரும் பாராட்டைப் பெற்று, 2018-ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்புகளின் பட்டியல்கள் பலவற்றில் இடம்பெற்றது. 2016 குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பிந்தைய அமெரிக்காவின் கலக்கத்தைப் பலர் இதில் கேட்டனர். பர்ட்டனுடன் இதே வழியில் உருவாக்கிய ஹே வாட் (2021), சிறந்த ஒலிப்பதிவுப் பொறியியலுக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதுவே லோவின் கடைசித் தொகுப்பாகவும் அமைந்தது. சினைப்பைப் புற்றுநோயுடன் போராடிவந்த மிமி பார்க்கர் 2022 நவம்பர் 5 அன்று காலமானார். அத்துடன் குழுவின் பயணமும் முடிவுற்றது.