கொட்டை எழுத்தும் கோணமும்

அச்சுவேலி என்னும் ஊர்ப்பெயரிலுள்ள 'அச்சு' அச்சுக்கலையைக் குறித்ததன்று. யாழ்ப்பாணத்துக்கு அச்சியந்திரம் வருதற்கு நெடுங்காலம் முன்னரே, 1672இல் வெளிவந்த ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் என்பாரின் நூலில் அவ்வூர் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தம்பிமுத்துப்பிள்ளையின் ஞானப்பிரகாச யந்திரசாலை நூல்களை அச்சிட்டு வெளியிடலாயிற்று. பெயர்க்கேற்ற தொழிலும் ஊருக்கு வாய்த்தது. அக்காலத்து அச்சு நூல்களின் முகப்பிலே நூற்பெயர் பருத்துத் தடித்து நிற்றல் பெருவழக்கு. அதனையே நம்மவர் கொட்டை எழுத்து என்பர்.

உரோம எழுத்திலே தலைப்புக்கு உதவும் பேரெழுத்துக்கள் தனியே உள. தமிழில் அவ்வேறுபாடின்மையால், பருமனும் தடிப்புமே தலைப்பைப் புலப்படுத்தும் வழிகளாம். பருமனைக் கூட்டுதல் எளிது, தாட்செலவுதான் மிகும். 1713இல் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியன. தாள் போதாமையின் அங்கேயே சிற்றெழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர்.

தடிப்போ அத்துணை எளிதன்று. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்தது. எழுத்தாணிக் கீற்று எங்கும் ஒரே மென்மையுடையது. அக்கீற்றை மும்மடங்கு தடிப்பாக்கினால் சுழியினுள் இருக்கும் வெள்ளிடம் மையால் அடைபடும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தொலைவில் வேறுபாடின்றித் தோன்ற, 'மணம்' 'மனம்' ஆகும். மணவழைப்பின் தலைப்பிலே இது நேரின் நகைப்புக்கு இடமாகும். கணினியில் ஒரு விசையை அழுத்தித் தடிப்பைக் கூட்டுவோர்க்கும் இவ்விடர் இன்றும் நீங்கவில்லை.

இங்கேதான் கோணம் துணைசெய்கின்றது. ஜெர்மனியில் ருடோல்ப் கொக் என்பார் 1923இல் 'நொய்லாந்து' என்னும் தடித்த கோணவெழுத்தை ஆக்கினார். வரைபடம் எழுதாமல் உலோகத்திலேயே நேரே செதுக்கினமையால், ஒவ்வோர் அளவிலும் எழுத்தின் வடிவம் சிறிது மாறும். பேரெழுத்து மட்டுமே அதில் உண்டு. கீற்றுக்கள் எவ்வளவு தடித்திருப்பினும் உள்ளிடத்தைக் கவனித்துக் குடைந்தமையால் எழுத்துத் தெளிவு குன்றவில்லை.

தமிழில் ட, ப, ம முதலியன இயல்பாகவே நேர்கோடும் மூலையும் உடையன. அவை கோணவடிவுக்கு உடனே இணங்கும். ண, ஞ, ஐ என்பனவே சோதனை. வட்டச்சுழியைச் சதுரமாக்கினால் அதே அகலத்தினுள் வெள்ளிடம் சற்று மிகும்; அதுவும் போதாதாயின் எழுத்தின் அகலத்தையே கூட்டல் வேண்டும். எல்லாவெழுத்தையும் ஒரே அகலத்துள் அடக்க முயலுதல் பெரும் பிழை. ஓலையில் பெரும்பாலும் இடப்படாத புள்ளியும் அச்சில் இன்றியமையாதது. தடித்த எழுத்தோடு அது ஒட்டிக்கொள்ளாவண்ணம் சிறிது உயர்த்தி வைத்தல் வேண்டும்.

இத்தகைய எழுத்து விளம்பரத்துக்கும் நூன்முகப்புக்கும் உரியது. நாலைந்து சொல்லுக்கு மேற்பட்டால் கண் சலிக்கும். பந்தி முழுதும் அதிலே கோத்தால் எவரும் படியார்.