வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் ஏன் எரியுது?

செஞ்சின்னு சொன்னதும் உங்களுக்குக் கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஆனா நான் இன்னைக்குப் பேசப்போறது கோட்டையைச் சுத்தியிருக்கிற கொல்லைகளைப் பத்தி. நெல்லும் மல்லாட்டையும் விளையுற பூமி. மல்லாட்டைன்னா நிலக்கடலை, இந்தப் பக்கத்துப் பேரு. கிணறோ போரோ, மோட்டார் ஓடினாத்தான் தண்ணி. வோல்டேஜ் குறைவா இருக்கும்போது மோட்டாரைப் போட்டா காயில் எரிஞ்சிடும்னு இங்கே எந்த விவசாயியும் சொல்லுவார்.

இதுல ஒரு சந்தேகம் வரணும். வோல்டேஜ் குறைஞ்சா சூடும் குறையணுமே, ஏன் எரியுது?

முதல்ல மூணு சொல். செஞ்சிக் கோட்டைக்குள்ள கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியா தண்ணி கொண்டுவந்திருக்காங்க. அந்தக் குழாயை மனசுல வெச்சுக்கங்க. தண்ணியைத் தள்ளுற அழுத்தம்தான் வோல்ட். ஒரு நொடிக்கு எவ்வளவு ஓடுதுங்கிறது ஆம்பியர். குழாய் குறுகலா இருந்து தடுக்கிறது ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம் கிடைக்கும். ரெண்டையும் பெருக்கினா வாட், அதாவது மின்திறன். ஜெர்மனியில பள்ளி ஆசிரியரா இருந்த ஜார்ஜ் ஓம் 1827-ல புத்தகமா வெளியிட்ட விதியிலிருந்து வந்ததுதான் அந்த முதல் கணக்கு.

இதை வெந்நீர் போடுற ஹீட்டர் ராடுல போட்டுப் பார்ப்போம். அதுல 230 வோல்ட், 1,000 வாட்னு எழுதியிருக்கும். 1,000-ஐ 230-ஆல வகுத்தா 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல வகுத்தா சுமார் 53 ஓம். இப்போ வோல்டேஜ் 180-க்கு இறங்குதுன்னு வைங்க. ராடோட தடை பெருசா மாறாது. 180-ஐ 53-ஆல வகுத்தா 3.4 ஆம்பியர், பெருக்கினா 612 வாட். அழுத்தமும் குறைஞ்சது, ஓட்டமும் குறைஞ்சது. அதனால வோல்டேஜ் 22 சதவீதம் இறங்கினதுக்கு வாட் 39 சதவீதம் இறங்கிடுச்சு. பத்து நிமிஷத்துல சுடுற தண்ணிக்கு 16 நிமிஷம் ஆகும். அவ்வளவுதான், ராடுக்கு ஆபத்தில்லை.

மோட்டார் அப்படி இல்லை. அதுக்கு ஒரு வேலை இருக்கு. இத்தனை அடி ஆழத்துலேர்ந்து தண்ணியைத் தூக்கியே ஆகணும். வோல்டேஜ் குறைஞ்சாலும் தண்ணியோட பாரம் குறையாது. அதனால மோட்டார் கிட்டத்தட்ட அதே வாட்டைக் கேட்கும், அழுத்தம் குறைஞ்சதை ஆம்பியரைக் கூட்டி ஈடுகட்டும். ஒரு மோட்டார் 1,150 வாட் எடுக்குதுன்னு வைங்க. 230 வோல்ட்ல 5 ஆம்பியர். 180-ல 6.4 ஆம்பியர். (நிஜத்துல பவர் ஃபேக்டரும் சேரும், ஆம்பியர் இன்னும் கொஞ்சம் கூடும், போக்கு இதேதான்.)

காயில்ல உண்டாகிற சூடு ஆம்பியரோட வர்க்கத்தைப் பொறுத்தது. காயில் 3 ஓம்னா, 5 பெருக்கல் 5 பெருக்கல் 3, அதாவது 75 வாட் சூடு. 6.4 ஆம்பியர்ல அது 123 வாட். வோல்டேஜ் குறைய, சூடு 60 சதவீதத்துக்கு மேல ஏறிடுச்சு. காயில் மேல இருக்கிற வார்னிஷ் கருகுது, கம்பிக்குக் கம்பி ஷார்ட் ஆகுது, கதை முடிஞ்சது.

இதுக்கு எல்லா நேரமும் லைனே காரணம் இல்லை, நம்ம ஒயரும் காரணமா இருக்கலாம். போர்டுலேர்ந்து கிணறு 200 மீட்டர்னா, போக வர 400 மீட்டர் ஒயர். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர்னா அதுக்கே சுமார் 3 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 15 வோல்ட் வழியிலேயே போயிடும். மோட்டார் கிளம்புற அந்த ரெண்டு நொடியில ஆம்பியர் அஞ்சு மடங்கு வரைக்கும் எகிறும். அப்போ 75 வோல்ட் போகலாம். மோட்டார் சுத்தமுடியாம உறுமிக்கிட்டே நிக்கிறது இதனாலதான். 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர்னா தடை சுமார் 1.2 ஓம், இழப்பு 30 வோல்ட்டோட நிக்கும்.

தமிழ்நாட்டுல 1990-லிருந்து விவசாயிகளுக்குக் கரண்ட் இலவசம். அதனால ஒயர்ல வீணாகிற வாட் எந்த பில்லுலயும் தெரியாது. காயில் கட்டுற கூலியிலதான் தெரியும். மல்லாட்டை விழுது இறங்குற நேரத்துல மோட்டார் கடைக்குப் போச்சுன்னா, கூலியைவிடப் பெரிய நஷ்டம் மகசூல்ல விழும்.

ஊர்ல உங்க அப்பாவோ மாமாவோ மோட்டார் வெச்சிருந்தா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூணு விஷயம் பார்க்கச் சொல்லுங்க. மோட்டார் ஓடும்போது கிணத்துப் பக்கம் எத்தனை வோல்ட் வருது? டாங் டெஸ்டர்ல எத்தனை ஆம்பியர் காட்டுது? பேர்ப்பலகையில போட்டிருக்கிற ஆம்பியருக்கு ஏத்த மாதிரி ஸ்டார்ட்டர்ல ஓவர்லோட் ரிலே வெச்சிருக்கா? நீங்களே ஒயரைத் தொட வேணாம். எண்களை மட்டும் வாங்கி வகுத்துப் பெருக்கிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.