உர மூட்டையும் மூச்சுப் பையும்
நமது உரக்கடை, நர்சரி வணிகர்களின் கவனத்திற்கு

குறுவை, சம்பா பருவம் வந்துவிட்டால் காரைக்கால் கடைத்தெருவில் உரம், பூச்சிமருந்துக் கடைகளின் வாசலில் காலையிலேயே கூட்டம் நிற்பதை நாம் அறிவோம். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி கொம்யூன்களிலிருந்து வரும் விவசாயி, கருகிய பயிரைக் கையில் காட்டி, "இதுக்கு மருந்து குடுங்க" என்றுதான் கேட்கிறார். எந்த மருந்து, எத்தனை முறை என்பதைப் பல நேரங்களில் கல்லாவில் இருப்பவரே முடிவு செய்கிறார். ஆகவேதான் இந்தச் செய்தியை முதலில் வணிகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இலையுறைக் கருகலுக்கு ஹெக்சகோனசோல், நெற்பழ நோய்க்குப் புரோபிகோனசோல், தோட்டப் பயிர்களுக்கு டெபுகோனசோல், டைபெனகோனசோல். இவையெல்லாம் நம் அலமாரியில் உள்ள சரக்குகள். கம்பெனி வேறு, லேபிள் வேறு. ஆனால் டிரையசோல் என்ற ஒரே குடும்பம். ஆஸ்பத்திரியில் நுரையீரல் பூசண நோய்க்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகளும் இதே குடும்பம்தான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

குப்பை மேட்டில் நடப்பது என்ன?

ஆஸ்பர்ஜில்லஸ் பியூமிகேட்டஸ் என்று ஒரு பூசணம் உண்டு. அது நெல்லுக்கு நோய் தருவதில்லை; மக்கும் தழையையும் வைக்கோலையும் தின்று வாழ்வது. மக்கு உரக் குவியல் 50 டிகிரி வரை சூடேறினாலும் தளராமல் வளரும். மருந்தடித்த பயிரின் கழிவு குவியலுக்கு வரும்போது மருந்தின் மிச்சமும் கூடவே வருகிறது. அதில் பலவீனமானவை மடிய, மருந்தைத் தாங்கும் சில மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. குவியலைக் கிளறினால், மூட்டையைக் கொட்டினால், கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் தூசியோடு பறக்கின்றன.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. காசநோய் ஆறித் தழும்பேறிய நுரையீரல் உள்ளவர், ஆஸ்துமாக்காரர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு இது ஆபத்து. அவர்களைப் பிடிப்பது மருந்துக்கு அடங்காத பூசணமாக இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையும் பலிக்காமல் போகலாம்.

ஆய்வுகள் சொல்வது

நெதர்லாந்தில் 1990-களின் இறுதியிலிருந்தே இத்தகைய பூசணம் நோயாளிகளிடம் காணப்பட்டது. அவர்களில் பலர் அதற்கு முன் இந்த மாத்திரைகளைத் தொட்டதே இல்லை. எதிர்ப்பு வயலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வலுத்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. டெல்லியில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வு நிலையத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 486 சுற்றுப்புற மாதிரிகளிலிருந்து இப்பூசணத்தை 630 முறை பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். 44இல் எதிர்ப்பு காணப்பட்டது; அதாவது 7 சதவீதம். தேயிலைத் தோட்ட மண்ணில் மூன்றில் ஒரு பங்கு, ஆஸ்பத்திரித் தோட்டப் பூந்தொட்டி மண்ணில் 20 சதவீதம், நெல்வயலில் 12.3 சதவீதம். நெல்லே பிரதானமான நமது பகுதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

சரக்கோடு பூசணமும் பயணம் செய்யும். டப்ளின் நகரில் கடையில் வாங்கிய நெதர்லாந்துப் பூங்கிழங்குகளில் எதிர்ப்புப் பூசணம் இருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூசணப் பட்டியலில், மிக அவசர கவனம் தேவைப்படும் நான்கில் இதுவும் ஒன்று.

நாம் செய்யக்கூடியவை

டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையை மட்டுமே காட்டும். இந்த ஆபத்தைக் காட்டாது. பச்சை முக்கோணம் என்பதற்காக அளவின்றி அடிக்கச் சொல்லலாகாது.

நோய் தெரியாத பயிருக்கு "எதற்கும் ஒரு முறை அடித்து வைங்க" என்று விற்பதைத் தவிர்ப்போம். முதல் மருந்து கேட்கவில்லை என்று வருபவருக்கு அதே குடும்பத்தின் வேறு பிராண்டைக் கொடுப்பதில் பயனில்லை. பில்லில் மருந்தின் வேதிப் பெயரையும் எழுதினால் அடுத்த முறை மாற்றிக் கொடுக்க எளிது. பெயர் "சோல்" என்று முடிந்தால் மட்டும் குடும்பம் ஒன்றாகிவிடாது. குலைநோய்க்கு விற்கும் டிரைசைக்ளசோல் வேறு விதமாக வேலை செய்வது. சந்தேகம் இருப்பின் வேளாண் அலுவலரையோ, காரைக்கால் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியையோ கேட்கலாம்.

மக்கு உரம், செடி மண் விற்போர் மூட்டையைக் கடைக்குள் பிரித்துச் சலிக்க வேண்டாம். வெளியில், லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசத்துடன் கையாளட்டும். காசநோய் வந்து குணமான பணியாளரை அந்த வேலையில் விடாதீர்கள். அதே வார்த்தையை வாங்குபவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு டப்பா குறைவாக விற்றால் அன்றைய லாபம் சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் வயலில் வீணாக்கிய மருந்து ஆஸ்பத்திரியில் நம் வீட்டாருக்கே பலிக்காமல் போனால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? வணிகப் பெருமக்கள் சிந்திக்கக் கேட்டுக்கொள்கிறோம்.